திரையில் விளைந்த பூசணிக்கு யார் காசு தருகிறார்கள்?

வாசகர் கேள்வி–பதில்

இந்த முறை மும்பையிலிருந்து வந்த கடிதங்களில் பல ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன: பிளாக்செயினில் ஓடும் விவசாய விளையாட்டுகள். பிளாக்செயின் என்றால் பல கணினிகளில் ஒரே மாதிரி வைக்கப்படும் பொதுக் கணக்குப் புத்தகம். எனக்கும் பிடித்த விஷயம். தாதரில் ஒரு கணக்கு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன், வீடு முலுண்டில். நடுவில் இருக்கும் ரயில் நேரத்தில் நானும் சன்ஃபிளவர் லேண்ட் விளையாடுகிறவள். தாதரில் ஸ்லோ லோக்கல் ஏறியதும் பூசணி நட்டால், பாண்டுப் வரும்போது முற்றியிருக்கும். அதனால் இந்த இதழின் பக்கங்களை முழுவதுமாக இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: அக்கா, என் மகன் பி.காம். இரண்டாம் வருடம். எந்நேரமும் போனில் ஏதோ நடுகிறான், அறுக்கிறான். "இது சும்மா கேம் இல்லம்மா, இதுல வர்ற காயினை வித்தா நிஜமான காசு" என்கிறான். இப்போது அதில் "நிலம்" வாங்க 8,000 ரூபாய் கேட்கிறான். இது சூதாட்டமா? கொடுக்கலாமா, வேண்டாமா? – ஒரு வாசகி, செம்பூர்

பதில்: 8,000 ரூபாயைக் கொடுக்க வேண்டாம், அம்மா. விளையாடுவதைத் தடுக்கவும் வேண்டாம். இந்த இரண்டையும் அவனுக்கு ஒரே பேச்சில் சொல்லிவிடுங்கள். முதலாவதை மட்டும் சொன்னால் அவன் காது மூடிக்கொள்ளும்.

விளையாட்டைப் பற்றி முதலில் சொல்கிறேன். சன்ஃபிளவர் லேண்டில் சூரியகாந்தி ஒரு நிமிடத்தில் பூக்கும். உருளைக்கிழங்குக்கு ஐந்து நிமிடம், பூசணிக்கு அரை மணி, கேரட்டுக்கு ஒரு மணி நேரம். மரத்தை வெட்டினால் இரண்டு மணி நேரத்தில் மறுபடி வளர்ந்து நிற்கும். பிக்ஸல்ஸ் என்று இன்னொன்று இருக்கிறது. அதில் விதை, தண்ணீர், உரம் என்று வேலை நடக்கும், உடம்பில் தெம்பு தீர்ந்தால் ஓய்வெடுக்க வேண்டும். இந்த ஆட்ட வகை புதிதல்ல. ஜப்பானில் 1996இல் ஹார்வெஸ்ட் மூன் வந்தது. 2009இல் ஃபேஸ்புக்கில் ஃபார்ம்வில் வந்தபோது நம் அலுவலகங்களில் எத்தனை பேர் மதியச் சாப்பாட்டுக்கு நடுவே தக்காளி அறுத்தார்கள் என்று உங்களுக்கே நினைவிருக்கும். நட்டதை மறக்காமல் திரும்பிவந்து பார்ப்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது. இந்த ஊரில், நாலாவது மாடியில், ஒரு துளசித் தொட்டி வைக்கவே இடம் தேடும் வீட்டில் வளர்கிற பிள்ளைக்கு அது பிடித்துப்போவதை நான் குறையாகவே பார்க்க மாட்டேன்.

இனி காசு. "காயினை வித்தா காசு" என்கிறானே, அதை யார் வாங்குகிறார்கள் என்று அவனிடம் கேளுங்கள். முழுக் கேள்வியும் அதுதான். வாஷி மொத்தச் சந்தையில் தக்காளி லாரி லாரியாக வந்து விலை விழுந்தாலும், கடைசியில் யாரோ ஒருவர் வீட்டில் அது குழம்பில் போய்ச் சேரும். சாப்பிடுகிறவர் இருக்கிறார், அதனால் தக்காளிக்கு ஒரு அடி விலை இருக்கிறது. விளையாட்டுக் காயினைச் சாப்பிடுகிறவர் யாரும் இல்லை. அதை வாங்குகிறவர் மூன்றே வகை. விளையாட்டுக்குள் ஒரு தொப்பியோ கோழியோ வாங்க ஆசைப்படுகிறவர், நாளைக்கு விலை ஏறும் என்று வாங்கி வைப்பவர், இப்போதுதான் உள்ளே நுழைந்து நிலமும் கருவியும் வாங்கும் புதியவர். முதல் வகையினர் நிறைய இருந்தால் அது ஆரோக்கியமான விளையாட்டு. பின்னிரண்டு வகையினரை நம்பித்தான் ஓடுகிறது என்றால், புதியவர்கள் வரத்து குறைந்த நாளில் விலை விழத் தொடங்கும். எல்லோரும் ஒரே நேரத்தில் விற்பார்கள், இன்னும் விழும்.

இது என் ஊகம் இல்லை, நடந்து முடிந்த கதை. வியட்நாமில் உருவான ஆக்ஸி இன்ஃபினிட்டி என்ற ஆட்டத்தில் குட்டிப் பிராணிகளை வளர்த்துச் சண்டைக்கு விட வேண்டும். கொரோனா காலத்தில், 2021இல், பிலிப்பைன்ஸில் வேலை இழந்த குடும்பங்கள் அதையே பிழைப்பாக எடுத்துக்கொண்டன. அப்போது ஆட மூன்று பிராணிகளை வாங்க வேண்டியிருந்தது. வாங்கக் காசில்லாதவர்கள் வேறொருவரின் பிராணிகளைக் கொண்டு ஆடி, வந்ததில் ஒரு பங்கைக் கொடுத்தார்கள். நம் ஊரில் நிலத்தை வாரத்துக்கு எடுத்து உழுவது மாதிரி. அந்த ஆட்டத்தில் கிடைக்கும் எஸ்.எல்.பி. காயின் 2021 ஜூலையில் 30 அமெரிக்க சென்ட்டுக்கு மேல் போனது. 2022 நடுவில் அது ஒரு சென்ட்டுக்கும் கீழே. ஆடியவர்கள் சோம்பேறிகளாகிவிடவில்லை, அதே மணி நேரம்தான் உழைத்தார்கள். தினமும் ஆட ஆட அந்தக் காயின் பிறந்துகொண்டே இருந்தது, வாங்க ஆள் இல்லை. அவ்வளவுதான். அதற்கு நடுவில், 2022 மார்ச்சில், அந்த ஆட்டம் ஓடும் ரோனின் என்ற பிளாக்செயினுக்குப் பணம் போய்வரும் பாலத்தை உடைத்து 60 கோடி டாலருக்கு மேல் திருடினார்கள். வட கொரியாவின் லாசரஸ் ஹேக்கர் கும்பல் என்று அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. அறிவித்தது.

பிக்ஸல்ஸ் 2023 கடைசியில் பாலிகன் என்ற பிளாக்செயினை விட்டு அதே ரோனினுக்கு மாறியது. அதன் பிக்ஸல் காயின் 2024 பிப்ரவரியில் சந்தைக்கு வந்து, மார்ச்சில் ஒரு டாலரைத் தொட்டது. 2025இல் சில சென்ட்டுக்குக் கிடைத்தது. ஆட்டத்துக்குள் தினமும் பிறந்துகொண்டிருந்த பெர்ரி என்ற இன்னொரு காயினை நிறுவனமே 2024இல் கைவிட்டு, பிளாக்செயினுக்கு வெளியே சாதாரண ஆட்டக் காசுக்கு மாறிவிட்டது. என் கணக்கில் அது நல்ல முடிவு. தினமும் அச்சடிக்கும் காசை வெளிச் சந்தையில் விற்க விட்டால் என்ன ஆகும் என்பதை அவர்கள் பார்த்துவிட்டார்கள். உங்கள் மகனும் அதைப் பார்க்க வேண்டும்.

சூதாட்டமா என்று கேட்டிருந்தீர்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஒரு ஆன்லைன் கேமிங் சட்டத்தை நிறைவேற்றியது. கட்டணமோ டெபாசிட்டோ கட்டி, பதிலுக்குப் பணம் கிடைக்கும் என்று எதிர்பார்த்து ஆடுகிற ஆட்டங்களை அது தடை செய்கிறது. பணமாக மாற்றக்கூடிய காயின், டோக்கன் போன்றவற்றைப் பந்தயமாக வைப்பதையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஆட்டத்தை நடத்துகிறவருக்கு மூன்று வருடம் வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுகிறவருக்குத் தண்டனை இல்லை. உங்கள் மகன் காசு போடாமல் ஆடும்வரை இந்தப் பேச்சுக்கே இடமில்லை. 8,000 ரூபாயைப் போட்டுவிட்டுத் திரும்ப எதிர்பார்க்கும் இடத்தில்தான் உங்கள் கேள்வி உயிர்பெறுகிறது. நான் வேண்டாம் என்று சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். எங்கள் அலுவலகத்துக்கு வரிக் கணக்கு கொடுக்க வந்த ஒரு பையன், இரவில் அலாரம் வைத்து எழுந்து அறுவடை செய்வதாகச் சொன்னான். எட்டு மணி நேரப் பயிரை எட்டாவது மணியில் அறுக்காவிட்டால் அவனுக்கு நஷ்டமாம். கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது, அவன் தூங்கி நாளாகிவிட்டது. களக்காட்டுப் பக்கம் எங்கள் சித்தப்பா ஏத்தன் வாழை போட்டிருந்தார். ஆடிக் காற்றில் தார் சாயுமோ என்று அவர் தூங்காமல் கிடந்ததுண்டு, அதற்கு அர்த்தமும் இருந்தது. பத்தொன்பது வயதுப் பிள்ளை, விற்றால் சில ரூபாய் வரும் முட்டைக்கோசுக்காக விடியற்காலை எழுந்திருப்பது வேறு. உங்கள் மகன் அலாரம் வைக்கிறானா என்று பாருங்கள். வைத்தால், அன்றைக்கு உட்கார்ந்து பேசுங்கள். காசைப் பற்றிப் பேசுவதைவிட அது அவசரம்.

கேள்வி: அக்கா, நான் ஒரு ரூபாய்கூடப் போடாமல் விளையாடுகிறேன். ஆனால் நண்பன் சொல்கிறான், "ஃபார்ம்வில் மாதிரி இல்ல, இது பிளாக்செயின்ல இருக்கு, கம்பெனியே மூடினாலும் உன் நிலம் உனக்குத்தான்" என்று. உண்மையா? – ஒரு வாசகர், முலுண்டு

பதில்: ஃபார்ம்வில் 2020 டிசம்பர் 31 அன்று மூடப்பட்டது. அது ஓடிக்கொண்டிருந்த அடோபி ஃபிளாஷும் அதே நாளோடு முடிந்தது. வருடக்கணக்காக வளர்த்த தோட்டங்கள் எல்லாம் போய்விட்டன. உங்கள் நண்பர் அந்த வலியைத்தான் சொல்கிறார், அது நியாயம். ஆனால் பதில் பாதிதான் சரி, தம்பி.

உங்கள் பெயரில் பிளாக்செயினில் இருப்பது ஒரு பதிவு. "இந்த எண்ணுள்ள நிலம் இந்த வாலட்டுக்கு உரியது" என்று அது சொல்லும். வாலட் என்றால் டிஜிட்டல் பணப்பை. அந்தப் பதிவை யாரும் அழிக்க முடியாது. ஆனால் வயல், அதில் நிற்கும் கேரட், அது முற்ற எவ்வளவு நேரம், பக்கத்து வீட்டுக் கோழி, இவையெல்லாம் நிறுவனத்தின் சர்வரில் ஓடுகின்றன. எல்லாவற்றையும் பிளாக்செயினிலேயே ஓட்டுவது சிரமம். அதற்கு ஒரு கதை உண்டு. சன்ஃபிளவர் லேண்டுக்கு முன்னால் அதே குழு சன்ஃபிளவர் ஃபார்மர்ஸ் என்று ஒன்றை விட்டது. நடுவது, அறுப்பது ஒவ்வொன்றும் பாலிகனில் பரிவர்த்தனையாகப் பதிவானது. 2022 ஜனவரியில் காயினுக்காக ஆட்களும் தானியங்கி நிரல்களும் ஒரே நேரத்தில் மொய்த்ததில், பாலிகன் முழுவதும் கட்டணம் எகிறி, விளையாட்டே தெரியாத மற்றவர்களின் பரிவர்த்தனைகளும் திணறின. அப்புறம் அதை நிறுத்திவிட்டு, நடவு அறுவடையை சர்வரில் வைத்து, வெளியே எடுக்கும்போது மட்டும் பிளாக்செயினில் எழுதுகிற மாதிரி புதிதாகக் கட்டினார்கள். இதற்கும் முன்னால், 2017 டிசம்பரில், கிரிப்டோகிட்டீஸ் என்ற பூனை வளர்ப்பு ஆட்டம் இதேபோல எத்தீரியம் என்ற பிளாக்செயினை நெரித்தது.

சர்வர் நின்றால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. எஃப்1 டெல்டா டைம் என்ற கார்ப் பந்தய ஆட்டத்தில் ஒரு கார் 2019இல் ஒரு லட்சம் டாலருக்கு மேல் விற்றது. ஃபார்முலா ஒன் உரிமம் புதுப்பிக்கப்படாததால் 2022 மார்ச்சில் ஆட்டம் மூடப்பட்டது. நிறுவனம் மாற்றாக வேறு பொருள்கள் கொடுத்தது. ஆனால் அந்தக் கார் ஓட அந்தத் தடம் இல்லை.

ஆகவே, காசு போடாமல் விளையாடுகிற நீங்கள் உங்கள் நண்பரைவிட நல்ல நிலையில் இருக்கிறீர்கள். ஒருநாள் மூடினால் ஒரு பிடித்த விளையாட்டு போகும், கைக்காசு போகாது. சரி, ஏதாவது வாங்கியே தீர வேண்டும் என்று தோன்றினால், திரும்ப விற்க முடியாவிட்டாலும் எனக்கு இது பிடிக்கும் என்கிற பொருளை மட்டும் வாங்குங்கள். ஒரு சினிமா டிக்கெட் விலைக்குள்.

கேள்வி: மேடம், விளையாட்டுக் காயினில் ஒன்றில் லாபம், இன்னொன்றில் நஷ்டம். மொத்தத்தில் எனக்கு நஷ்டம்தான், வருமானமும் வரி வரம்புக்குக் கீழேதான். அப்படியானால் கணக்குக் காட்ட வேண்டியதில்லை அல்லவா? – ஒரு வாசகர், தாராவி

பதில்: காட்ட வேண்டும். இதில்தான் நிறையப் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள்.

2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ காயின், என்.எஃப்.டி. (விளையாட்டு நிலம் போன்ற டிஜிட்டல் பொருளின் உரிமைப் பதிவு) எல்லாம் மெய்நிகர் டிஜிட்டல் சொத்து என்று ஒரே தலைப்பில் வருகின்றன. விற்ற லாபத்துக்கு 30% வரி, அதன்மேல் 4% செஸ் என்ற கூடுதல் வரி, ஆக 31.2%. உங்கள் வருமானம் வரம்புக்குக் கீழே இருந்தாலும் இந்த வரி தனியாக நிற்கும். வாங்கிய விலையை மட்டும்தான் கழிக்கலாம். நெட்வொர்க் கட்டணம், போன், இன்டர்நெட் எதையும் கழிக்க முடியாது. ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் முடியாது, அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோகவும் முடியாது.

உதாரணத்துக்கு, 10,000 ரூபாய்க்கு வாங்கிய நிலத்தை 4,000க்கு விற்றீர்கள், 6,000 நஷ்டம். வேறொரு காயினில் 5,000 லாபம். உங்கள் மனக்கணக்கில் 1,000 நஷ்டம். சட்டத்தின் கணக்கில் 5,000 லாபம், 1,560 ரூபாய் வரி. கடுமையான விதி, எனக்கும் அதில் உடன்பாடு இல்லை. சம்பாதிக்காத பையனிடம் வரி கேட்கிற விதியை நியாயம் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனாலும் இருக்கிற விதி இதுதான். ஐ.டி.ஆர்.-1 என்ற வருமான வரிப் படிவத்தில் இதைக் காட்ட முடியாது. இதற்கென்று தனி அட்டவணை இருக்கும் ஐ.டி.ஆர்.-2 அல்லது தொழில் வருமானம் இருந்தால் ஐ.டி.ஆர்.-3 எடுக்க வேண்டும். 2022 ஜூலை முதல் விற்பனைத் தொகையில் 1% டி.டி.எஸ்., அதாவது விற்கும்போதே வரி, பிடிக்கிறார்கள். காயின் வாங்கி விற்கும் இந்திய எக்ஸ்சேஞ்ச் வழியாக விற்றிருந்தால் அது உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கும். நீங்கள் காட்டாவிட்டாலும் துறைக்குத் தெரியும்.

இன்னொரு எச்சரிக்கை. முகம் தெரியாத ஒருவருக்கு நேரடியாகக் காயினைக் கொடுத்து, யு.பி.ஐ.யில் பணம் வாங்காதீர்கள். அந்தப் பணம் வேறு யாரையோ ஏமாற்றி எடுத்ததாக இருந்தால், சைபர் கிரைம் புகாரின் தடம் உங்கள் வங்கிக் கணக்கு வரை வரும், கணக்கை முடக்கிவிடுவார்கள். தாராவியில் தையல் கடை வைத்திருக்கும் அப்பாவின் கணக்கை மகன் இதற்குக் கொடுத்து, கடை வரவு செலவே நின்றுபோன குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன். சில நூறு ரூபாய்க் காயினுக்காக அந்த அலைச்சல் யாருக்கும் வேண்டாம். தயவுசெய்து.

கேள்வி: டிஸ்கார்ட் அரட்டைச் செயலியில் "சப்போர்ட்" என்று ஒருவர், என் நிலம் லாக் ஆகிவிட்டது, திறக்க வாலட்டின் 12 சொற்களைத் தாருங்கள் என்கிறார். – ஒரு வாசகி, சயான் கோலிவாடா

பதில்: தராதீர்கள். எந்த விளையாட்டின் உண்மையான ஆளும் அதைக் கேட்க மாட்டார். அந்த 12 சொற்கள் கையில் இருந்தால் வாலட்டே அவர் கையில். ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால், இந்தப் பக்கத்தை மூடிவிட்டு, புது வாலட் ஒன்று தொடங்கி மிச்சம் இருப்பதை உடனே அதற்கு மாற்றுங்கள். பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். சீக்கிரம் சொல்லச் சொல்ல நல்லது. விளையாட்டுக்கென்று தனி வாலட் வைத்துக்கொள்ளுங்கள், சேமிப்பு எதுவும் அதில் இருக்க வேண்டாம்.

கேள்வி: அம்மா, எனக்கு 67 வயது. ரயில்வேயில் இருந்து ஓய்வு. முழங்கால் வலியால் கீழே இறங்குவது குறைந்துவிட்டது. பேத்தி இந்தத் தோட்ட விளையாட்டைக் காட்டினாள், ரொம்பப் பிடித்துவிட்டது. வாலட், காயின், வரி எதுவும் வேண்டாம். வெறும் தோட்டம் மட்டும் கிடைக்குமா? – ஒரு வாசகர், மாட்டுங்கா

பதில்: கிடைக்கும் ஐயா, நன்றாகவே கிடைக்கும். ஸ்டார்டியூ வேலி என்று ஒன்று இருக்கிறது. எரிக் பரோன் என்ற ஒரே ஆள், படம், இசை, நிரல் எல்லாவற்றையும் தானே செய்து 2016இல் வெளியிட்டார். போனிலும் உண்டு. ஒருமுறை விலை கொடுத்து வாங்கினால் போதும், உள்ளே விற்கிற காயின் எதுவும் இல்லை. இன்டர்நெட் இல்லாமலும் ஓடும். தாத்தா விட்டுப்போன பழைய நிலத்துக்கு வந்து, கல்லும் கட்டையும் பொறுக்கி, விதைத்து வளர்ப்பதுதான் கதை. பேத்தியோடு சேர்ந்து ஆட இதைவிட நல்லது எனக்குத் தெரியாது.

அதில் ஒரு பருவம் 28 நாள். விளையாட்டின் ஒரு நாள் நம் கடிகாரத்தில் கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. எப்போது வேண்டுமானாலும் நிறுத்திவைக்கலாம், பயிர் உங்களுக்காகக் காத்திருக்கும். நீங்கள் மருந்து சாப்பிட்டுத் தூங்கிவிட்டால் எதுவும் வீணாகாது. ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள், பருவம் மாறும் நாளில் அந்தப் பருவத்துப் பயிர் வயலில் நின்றால் பட்டுப்போகும். முதல் வசந்தத்தில் கையில் கிடைக்கும் பார்ஸ்னிப் விதையை உடனே போடுங்கள், நாலு நாளில் வந்துவிடும். விற்ற காசை எல்லாம் செலவழித்துவிடாதீர்கள். 13ஆம் நாள் முட்டைத் திருவிழாவில்தான் ஸ்ட்ராபெரி விதை விற்பார்கள், ஒன்று 100 காசு. வாங்கி அன்றைக்கே நட்டு தினமும் தண்ணீர் விட்டால், பருவம் முடிவதற்குள் இரண்டு முறை பறிக்கலாம்.